நெடும்பணியும் உடன் மறுமொழியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாறசாலைக்கு அப்பால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. சாலைக்கு மேற்கே கடற்கரை வரையில் பரந்து கிடக்கும் சிற்றூர்களுள் ஒன்று குளத்தூர். உச்சக்கடையும் பொழியூரும் இவ்வூராட்சியைச் சேர்ந்தவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூக்காக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரைத் தாலூக்கா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. பேச்சிலும் கொள்வினை கொடுப்பினையிலும் அவ்வளவு தெளிவாக இல்லை.

அதே மாவட்டத்தில் இன்னொரு குளத்தூரும் உண்டு. அது தலைநகருக்கு வடக்கே, கழக்கூட்டத்தை அடுத்தது. 1990இல் டெக்னோபார்க் அமைந்தபின் அந்த வட்டாரம் கணினி நிரல் எழுதும் நிறுவனங்களால் நிறைந்துவிட்டது. ஒரு குளத்தூரின் அருகே நிரல்கள் பிறக்கின்றன. மற்றொரு குளத்தூரின் மக்கள் கிராம அலுவலகத்திலும் அட்சய மையத்திலும், எங்கோ பிறந்த ஒரு நிரலின் முன்னே வரி ரசீதுக்கும் வருமானச் சான்றுக்கும் காத்து நிற்கிறார்கள். 2002ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் மலப்புரம் மாவட்டத்தில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த அட்சயத் திட்டம், பின்னர் கேரளம் முழுதும் பரவியதால் இந்தக் காட்சி எல்லை ஊர்களுக்கும் உரியதாயிற்று. இப்பேச்சு அந்தக் காத்திருத்தலைப் பற்றியது. கணினி ஒரு நெடும்பணியில் ஈடுபட்டிருக்கும்போது அதன் திரை ஏன் சிலையாகி விடுகிறது? சிலையாகாமல் இருக்க மனிதன் என்னென்ன செய்து பார்த்தான்? அந்த வரலாற்றையே இங்கே காணப்போகிறோம்.

இதற்கு விடை தேட நாம் முதலில் செல்லவேண்டிய இடம் அதே தாலூக்காவில் இருக்கிறது. பாலராமபுரத்துக் கைத்தறி பெயர் பெற்றது. பாலராம வர்மா மன்னர் 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்டார். அவர் பெயர் தாங்கிய இவ்வூரில் திவான் உம்மிணித் தம்பி, தமிழ் பேசும் சாலியர் குடும்பங்களைக் குடியேற்றினார் என்பது வரலாறு. நெசவாளர் தெருவைப் பார்த்தவர்களுக்கு அங்கே இரு வேறு வேலைகள் நடப்பது விளங்கும். வீட்டுக்குள் குழித்தறியில் ஒருவர் அமர்ந்து நாடாவை இருபுறமும் ஓட்டிக்கொண்டிருப்பார். அது கைக்கும் கண்ணுக்கும் உடனுக்குடன் மறுமொழி தரவேண்டிய வேலை. ஓர் இழை அறுந்தால் அந்தக் கணமே நிறுத்தி முடிந்தாக வேண்டும். வெளியே, தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி பாய்ச்சி உலர்த்தும் வேலை. அது நெடும்பணி, பலர் கூடிச் செய்வது. தறியில் அமர்ந்தவரே எழுந்து போய்த் தெருவில் அடுத்த பாவுக்கும் கஞ்சி போடவேண்டுமென்றால், அத்தனை நேரமும் தறி ஓசையற்றுக் கிடக்கும். அதனால்தான் அந்த வேலை வேறு கைகளுக்குப் போயிற்று.

மேசைக் கணினியின் சிக்கலும் இதுவே, தீர்வும் இதுவே. கணினி நூலார் தம் நிரலுக்குள் தனித்தோடும் செயல்வரிசை ஒவ்வொன்றையும் ‘இழை’ என்றே அழைக்கின்றனர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட என் போன்றோருக்கு இச்சொல்லைத் தமிழாக்க எந்தச் சிரமமும் இருக்கவில்லை. நம் மொழிக்கென்றே பிறந்த சொல்போல வந்து பொருந்திக்கொண்டது. எல்லாக் கலைச்சொற்களும் இப்படி அமைந்துவிடுவதில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள்.

தொடக்கக் காலக் கணினிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஏனெனில் அவை மனிதனோடு பேசவே இல்லை. துளையிட்ட அட்டைகளை ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாளோ அதற்கு மறுநாளோ அச்சிட்ட தாள் கிடைக்கும். ஓர் எழுத்துப் பிழை இருந்தால் மற்றொரு நாள் போயிற்று. நம் நாட்டில் இத்துறைக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் அவர் தலைமையில் உருவான ‘டிஃப்ராக்’ என்னும் கணினி 1960இல் பணிக்கு வந்தது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் நினைவில் வைக்கத்தக்க பெயர் அது.

அக்காலத்தில் பொறியின் நேரம் விலை மிக்கது, மனிதனின் நேரம் மலிவு. எனவே காத்திருக்க வேண்டியவன் மனிதனே என்பதை எவரும் ஐயுறவில்லை. இந்த எண்ணத்தில் முதல் விரிசல் மனிதன் பொருட்டு விழவில்லை. அச்சுப்பொறியின் பொருட்டே விழுந்தது. அச்சுப்பொறி மெல்ல ஓடும். கணினி விரைந்து ஓடும். “முடித்தாயா, முடித்தாயா” என்று அதனிடம் கேட்டுக்கொண்டே நிற்பது கணினிக்கு வீண். அதைவிட, அச்சுப்பொறி தன் வேலை முடிந்ததும் தானே வந்து தட்டி அழைத்தால் நல்லதல்லவா? இந்தத் தட்டலுக்குக் ‘குறுக்கீடு’ என்று பெயர். நெதர்லாந்தில் 1958இல் வெளிவந்த எக்ஸ்1 என்னும் கணினிக்கு இவ்வகை நிரலை எழுதியவர் எட்சர் டைக்ஸ்ட்ரா. 1959இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வும் அதுபற்றியதே. பொறியமைத்த நண்பர்கள் குறுக்கீட்டு முறையை முன்வைத்தபோது அவர் அஞ்சினார். சில மாதங்கள் வரை இசையவும் இல்லை. காரணம், எந்தக் கணத்தில் தட்டல் வரும் என்று சொல்லமுடியாத பொறியில் ஒரு பிழை நேர்ந்தால், அதே பிழையை மறுபடியும் உண்டாக்கிப் பார்த்துத் திருத்தவே முடியாமற் போகலாம். அவருடைய அச்சம் வீணானதன்று என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தியும், இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியும் ‘நேரப் பகிர்வு’ என்னும் கருத்தை வெளியிட்டனர். இருவர் மனத்தில் இருந்ததும் முற்றும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு இங்கு வேண்டாம். 1961 நவம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ அதைச் செய்து காட்டினார். ஒரே கணினி, தன் நேரத்தைச் சிறுசிறு துணுக்குகளாக நறுக்கி, பல தட்டச்சு முனைகளுக்கு மாறிமாறி ஊழியம் செய்தது. ஒவ்வொருவரும் பொறி தமக்கே உரியதென்று எண்ணினர். நெடும்பணி எவருக்கேனும் இருந்தால் அது துணுக்குத் துணுக்காக நடக்கும். விசையை அழுத்தியவருக்கு மறுமொழி தவறாது.

ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் மில்லர் 1968இல் படித்த ஆய்வுரையில், மனிதன் எவ்வளவு நேரம் பொறுப்பான் என்பதைச் செயல்தோறும் வகுத்துக் காட்டினார். பின்னர் யாக்கோபு நீல்சன் 1993இல் அதை மூன்று எண்களாகச் சுருக்கிச் சொன்னார். பத்தில் ஒரு வினாடிக்குள் மறுமொழி வந்தால் அது தன் கையின் செயலாகவே தோன்றும். ஒரு வினாடிக்கு மேற்போனால் எண்ண ஓட்டம் தடைப்படும். பத்து வினாடிகளைக் கடந்தால் கவனம் வேறிடம் போய்விடும்.

அடுத்த ஆண்டே, 1969 ஜூலை 20ஆம் நாள், இந்தக் கலையின் ஆழமான சோதனை சந்திரனுக்கு மேலே நடந்தது. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிக்கொண்டிருந்த கலத்தின் கணினிக்கு, எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2048 சொற்கள் மட்டுமே. அதில் ஹால் லேனிங் என்பவர் ஓர் ஏற்பாட்டை வகுத்திருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை உண்டு, உயர்ந்த வேலை வந்தால் தாழ்ந்தது ஒதுங்கி நிற்கும். இறங்கும் வேளையில், தேவைப்படாத ஒரு ரேடாரிலிருந்து வந்த குறிப்புகள் கணினியின் நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டிருந்தன. அந்நிலையில் ஆல்ட்ரின் திரையில் ஒரு கூடுதல் கணக்கைக் காட்டும்படி கேட்டார். சுமை எல்லை கடந்தது. 1202 என்னும் எச்சரிக்கை எண் ஒளிர்ந்தது. பிறகு மீண்டும் ஒளிர்ந்தது.

அப்போது கணினி என்ன செய்தது என்பதே கவனிக்கத்தக்கது. அது உறைந்து நிற்கவில்லை. தான் மேற்கொண்டிருந்தவற்றைக் கலைத்துவிட்டு, கலத்தைச் செலுத்துவதற்கு இன்றியமையாத பணிகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ‘என்னால் எல்லாவற்றையும் செய்ய இயலவில்லை, முக்கியமானதைச் செய்கிறேன்’ என்பதே அந்த எண்ணின் பொருள். ஹூஸ்டன் கட்டுப்பாட்டறையில் இருந்த ஜாக் கார்மன் என்னும் இளைஞர் அந்தப் பொருளை முன்னரே குறித்து வைத்திருந்தார். ஸ்டீவ் பேல்ஸ் இறங்கலாம் என்று சொல்ல முடிந்ததும் அதனால்தான். பொறி தன் தளர்ச்சியை மறைக்கவில்லை, அதைக் கேட்டறிய ஓர் ஆளும் இருந்தார். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த இறக்கம் கைவிடப்பட்டிருக்கக் கூடும்.

இத்தனை தெளிவு அறுபதுகளிலேயே கிட்டியிருக்க, மேசைக் கணினி ஏன் மீண்டும் ஊமையாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். விலை மலிவே காரணம். 1973இல் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்ட்டோ என்னும் கணினி, சாளரமும் சுட்டியும் கொண்ட திரையோடு தோன்றியது. 1984இல் மக்கின்டாஷ் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1990இல் விண்டோஸ் 3.0 அலுவலகந்தோறும் நுழைந்தது. சிறிய பொறி, குறைந்த நினைவகம். ஆகவே பழைய நேரப் பகிர்வின் கண்டிப்பு கைவிடப்பட்டது. ஒவ்வொரு நிரலும் தன் முறை முடிந்ததும் தானாகவே மற்றதற்கு வழிவிட வேண்டும் என்ற நல்லெண்ண ஏற்பாடே எஞ்சியது. ஒரு நிரல் வழிவிட மறந்தால் பொறி முழுதும் நின்றது. திரையில் மணற்கடிகை ஒன்று தோன்றும், அவ்வளவே. 1985இல் வந்த அமீகா கணினியும், 1993இல் வந்த விண்டோஸ் என்.டி.யும், 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95உம் வலிந்து பறித்துப் பகிரும் முறைக்கு வந்தன. மக்கின்டாஷ் 2001இல் வந்தது. அதன்பின் ஒரு நிரலின் பிடிவாதம் மற்றொன்றைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை.

ஆனால் நிரலுக்குள்ளே அதே பிடிவாதம் இன்றும் உண்டு. சாளரம் உள்ள ஒவ்வொரு நிரலும் ஒரு வாசற்காவலனை வைத்திருக்கிறது என்று கொள்வோம். விசை அழுத்தம், சுட்டியின் அசைவு, ‘உன் சாளரத்தை மீண்டும் வரைந்துகொள்’ என்னும் கட்டளை ஆகிய அனைத்தும் ஒரு வரிசையில் வந்து நிற்கும். காவலன் ஒவ்வொன்றாக எடுத்து, ஆவன செய்து, அடுத்ததற்குத் திரும்புவான். இந்தச் சுழற்சி நடக்கும்வரை திரை உயிரோடு இருக்கும். ‘இந்த ஊராட்சியின் பத்தாண்டுப் பதிவுகளைத் தொகுத்துத் தா’ என்று ஒருவர் கேட்க, காவலன் தானே கிட்டங்கிக்குள் புகுந்து தேடத் தொடங்கினால், வாசலில் வரிசை நீள்கிறது. அசைவுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஐந்து வினாடிகள் வரை வரிசையில் நிற்பதை எடுக்க ஆளில்லாவிட்டால், விண்டோஸ் அச்சாளரத்தின் தலையில் ‘பதிலளிக்கவில்லை’ என்று எழுதிவிடும்.

இந்த இரண்டு சொற்களைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அவை உண்மை, ஆயினும் அரை உண்மை. வேலை நடக்கவில்லை என்று அவை சொல்லவில்லை. பெரும்பாலும் வேலை உள்ளே செவ்வையாகவே நடந்துகொண்டிருக்கும். ஆனால் முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு அது எப்படித் தெரியும்? அவர் மறுபடி அழுத்துகிறார்; அந்த அழுத்தமும் வரிசையில் சேர்ந்து, பிறகு இரண்டாவது விண்ணப்பமாகப் பதிவாகிறது. அல்லது பொறியையே அணைக்கிறார். பாதி எழுதிய பதிவு பாதியாகவே நின்றுவிடுகிறது. அரைநாட் கூலியை விட்டுவிட்டு வந்த ஒருவர் எதிரே நிற்கும்போது, எழுத்தர் பொறுமை காக்கவில்லை என்று குறை கூறுவதில் பயனில்லை. சொல்லாத திரையின் மீதே குற்றம்.

தீர்வு பாவடித் தீர்வுதான்: காவலன் வாசலை விட்டு அகலக்கூடாது, கிட்டங்கி வேலைக்கு வேறோர் இழையை அனுப்பவேண்டும். நிரல்மொழிகள் இதற்கு மெல்ல மெல்லக் கருவிகள் செய்தன. டாட்நெட் 2005இலும், ஜாவா 2006இலும், நெடும்பணியைப் பின்னே ஒப்படைத்து முன்னே செய்தி பெறும் ஆயத்தப் பொருள்களை வழங்கின. 2012இல் வந்த சி ஷார்ப் ஐந்தாம் பதிப்பு, காத்திருத்தலை மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. இதோடு ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. கிட்டங்கி இழை திரையை நேரே தொடக்கூடாது. தான் கண்டதைச் சீட்டெழுதி வாசல் வரிசையில் இடவேண்டும், திரையில் எழுதுபவன் காவலன் ஒருவனே. இருவர் ஒரே திரையில் ஒரே கணத்தில் எழுதினால் விளைவு எவருக்கும் தெரியாது.

டைக்ஸ்ட்ரா அஞ்சியது இங்கேதான் உண்மையாயிற்று. கனடா நாட்டு அணுவாற்றல் நிறுவனம் செய்த தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவப் பொறி 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அறுவருக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். 1986இல் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் நடந்தது இது. இயக்குபவர் சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டச்சுச் செய்துவிட்டு, உடனே மேலே சென்று திருத்தினார். திரை தடையின்றித் திருத்தத்தை ஏற்றுக் காட்டியது. ஆனால் பின்னே காந்தங்களை ஒழுங்கு செய்யும் பணி தொடங்கியிருந்தது; அதற்கு எட்டு வினாடிகள் ஆகும். அந்த எட்டு வினாடிக்குள் வந்த திருத்தம் பின்னேயிருந்த பணியின் காதுக்கு எட்டவில்லை. திரை ஒன்று சொன்னது, பொறி வேறொன்றைச் செய்தது. கைதேர்ந்து விரைந்து வேலை செய்த ஊழியரிடமே இப்பிழை வெளிப்பட்டது; மெல்லத் தட்டச்சுச் செய்து சோதித்தவர்களுக்கு அது அகப்படவே இல்லை. பழைய மாதிரிகளில் இருந்த பூட்டுக் கருவிகளை நீக்கிவிட்டு நிரலையே நம்பியதும் பெருங்காரணம். பின்னர் ‘கோளாறு 54’ என்று திரை கூறியது. அதன் பொருளை அறிய அங்கு ஒரு கார்மன் இல்லை. இயக்குபவர் தொடரும் விசையை அழுத்தினார்.

உறைந்த திரை நேரத்தைத் தின்னும். பொய் சொல்லும் திரை அதனினும் கொடிது. ஆகவே பின்னே நெடும்பணி நடக்கும்போது முன்னே எந்தெந்தப் பொத்தான்கள் திறந்திருக்கலாம், எவை மங்கி நிற்கவேண்டும் என்பதை ஒவ்வொன்றாக எண்ணித் தீர்மானிப்பதே இக்கலையின் கடினமான பகுதி. இழையை உண்டாக்குவது எளிது.

நம் நாட்டில் பெருந்திரளான மக்கள் இதை முதலில் உணர்ந்தது இரயில் முன்பதிவு முகப்பில்தான். முன்பு வண்டிக்கொரு பேரேடு, பேரேட்டுக்கொரு முகப்பு. டில்லியிலோ பம்பாயிலோ இருந்த தமிழர் கோடை விடுமுறைக்கு ஊர் வர, சரியான வரிசையைக் கண்டுபிடிப்பதே ஒரு நாள் வேலையாக இருந்தது. 1985 நவம்பரில் புதுடில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. 1999இல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நிலையங்களின் கணினிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. எந்த முகப்பிலும் எந்த வண்டிக்கும் சீட்டுக் கேட்கலாம் என்றாயிற்று. ஆயிரம் முகப்புகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது எல்லாருக்கும் சில வினாடிகளில் விடை வேண்டும். அதேவேளையில் எஞ்சிய ஒரு படுக்கை இருவருக்கு விற்கப்படவும் கூடாது. வேகமும் மெய்ம்மையும் ஒருங்கே வேண்டிய இடம் அது. வலைவழி முன்பதிவு 2002 ஆகஸ்டில் வந்தபின், அன்று எழுத்தர் இருந்த இடத்தில் இன்று நாமே அமர்ந்திருக்கிறோம். பணம் செலுத்தும் பக்கம் சுழன்றுகொண்டே நிற்க, மறுபடி அழுத்தலாமா கூடாதா என்று தயங்காதவர் நம்மில் யார்?

சுழலும் வட்டம் ‘உயிரோடிருக்கிறேன்’ என்பதை மட்டுமே கூறும். எவ்வளவு முடிந்தது என்பதைக் கூறாது. விழுக்காடு காட்டும் பட்டையைப் பற்றி பிராட் மையர்ஸ் 1985இல் ஆராய்ந்து, நெடும்பணியின்போது மக்கள் அதையே விரும்புகின்றனர் என்று காட்டினார். என் எண்ணத்தில் பட்டையைவிட எண் நல்லது. ‘600 பதிவுகளில் 412 முடிந்தன’ என்று திரை கூறினால், முகப்புக்கு அப்பால் நிற்பவருக்கு எழுத்தர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். குளத்தூர் போன்ற எல்லை ஊரில் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் காட்டுவது பெரிய காரியமன்று. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளித்திருக்கிறது. திரையின் மொழியும் அந்தத் தொடர்பின் ஒரு பகுதிதானே.

இறுதியாக ‘நிறுத்து’ என்னும் பொத்தான். நெடும்பணியில் ஈடுபட்ட இழையை வெளியிலிருந்து வெட்டி வீழ்த்தும் வசதி ஜாவாவில் தொடக்கத்தில் இருந்தது. அது பதிவுகளைச் சிதைந்த நிலையில் விட்டுவிடும் என்று கண்டு, 1998இல் அதைப் பயன்படுத்தலாகாதென அறிவித்தனர். இப்போது வழக்கம் வேறு. காவலன் ஒரு கொடியை ஏற்றுவான். கிட்டங்கி இழை ஒவ்வொரு பதிவை முடித்ததும் அக்கொடியை ஒருமுறை பார்க்கும். ஏறியிருந்தால், கையிலிருக்கும் பதிவை ஒழுங்காக மூடிவிட்டு, எதுவரை முடிந்தது என்று சீட்டெழுதி வாசலில் வைத்துவிட்டு வெளியேறும். அந்தச் சீட்டு வரும்வரை ‘நிறுத்து’ என்னும் பொத்தான் ‘நிறுத்தப்படுகிறது’ என்று மாறி நிற்கும்.